பஸ் கரும்புகை கக்குகிறது, ஸ்கூட்டர் வாங்கட்டுமா?

தக்கலையிலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகும் வாசகி கேட்கிறார்: "பஸ் இப்படிப் புகை விடுகிறதே, மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? முப்பந்தல் காற்றாலைக் கரண்டு, மாசே கிடையாது என்கிறார் கடைக்காரர்."

கண்ணில் படுகிற புகையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்தக் கரி நுரையீரலுக்குக் கேடு, வண்டியைச் சரியாகப் பராமரிக்காதவர்களை அதற்காகத் தாராளமாகத் திட்டலாம். ஆனால் பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு கண்ணுக்குத் தெரியாது, எரிகிற எண்ணெயின் அளவுதான் அதற்குக் கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும், பெட்ரோல் என்றால் 2.3. லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் 45 பேர் இருந்தால், கிலோமீட்டருக்கு ஆளுக்கு 13 கிராம்தான். லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டரில் தனியாகப் போனால் 50 கிராம். பஸ்ஸில் 12 பேர் இருந்தாலே ஸ்கூட்டருக்குச் சமமாகிவிடும். அதோடு நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது.

முப்பந்தல் காற்றாடியிலிருந்து உங்கள் வீட்டு பிளக்குக்குத் தனி வயர் ஒன்றும் வரவில்லை. நிலக்கரிக் கரண்டோடு கலந்துதான் வருகிறது. நாட்டுச் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, மின்சார ஸ்கூட்டர் யூனிட்டுக்கு 35 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 20 கிராம். பெட்ரோலைவிட எவ்வளவோ மேல், நிறைந்த பஸ்ஸை முந்தாது.

'லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம்' என்று ஒரு வண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், உஷார்! 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. "ஒரு வயரைக் கழற்றினா 45 போகும்" என்று சிரித்துக்கொண்டே கழற்றித் தருவார்கள். அப்புறம் விபத்து, வழக்கு என்று வந்தால் மாட்டுவது நீங்கள். வாங்கத்தான் வேண்டுமென்றால் முறையாகப் பதிவு செய்த, பச்சை நம்பர் பிளேட் வண்டியாக வாங்குங்கள்.

ஒரு விலக்கு உண்டு. பெட்ரோல் ஸ்கூட்டரிலேயே இரண்டு பேர் போனால் ஆளுக்கு 25 கிராம், அதாவது 24 பேர் உள்ள பஸ்ஸுக்குச் சமம். ஆனால் பின்னால் உட்காருகிறவர் உங்களோடு வராவிட்டால் தனி வண்டியில் போயிருப்பார் என்றால்தான் லாபம். பஸ்ஸில் போகிறவரை ஏற்றினால் லாபமில்லை, பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பினால் அந்தத் திரும்பும் தூரத்தையும் சேர்க்க வேண்டும்.

மூன்று பஸ் ஒட்டி ஒட்டி வந்துவிட்டு அப்புறம் அரைமணி நேரம் ஒன்றுமே வராத கொடுமை இருக்கிறதே, அதுதான் ஆட்களை ஸ்கூட்டர் கடைக்குத் துரத்துகிறது. ஒரு நேரப் பலகை வைக்க என்ன கேடு? இருந்தாலும் 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண அரசு டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது, ஸ்கூட்டருக்கான மாதத் தவணையும் மிச்சம். பஸ்ஸிலேயே போங்கள். நிறுத்தம் தூரமென்றால் அதுவரைக்கும் ஒரு சைக்கிள் போதும்.