அரசின் காற்று, ஆற்றுத் தரவை நேராக எடுப்பது எப்படி? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் டர்பன் வட்டாரத்திலிருந்து, தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. அரசுத் துறைகளின் நீர், காற்று அளவீடுகளைச் சர்வரிலிருந்து இழுத்து வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. அந்த எல்லைக்குள் பதில் சொல்கிறேன்.

மெரிபேங்க் வாசகி: வரைபடத்தில் காற்று நிலையங்கள் வண்ணப் புள்ளிகளாகத் தெரிகின்றன அண்ணா. சேமித்தால் வெறும் படம்தான் வருகிறது. எண்கள் எங்கே?

நீங்கள் திறந்தது டபிள்யூ.எம்.எஸ். சேவை அம்மா. அது சர்வரிலேயே வரைந்து முடித்த படத்தை அனுப்பும். எண் வேண்டுமென்றால் அதே சர்வரில் டபிள்யூ.எஃப்.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். அது படத்துக்குப் பதில் தரவையே அனுப்பும் சேவை. அதில் நிலையத்தின் பெயர், இடம், அளவு எல்லாம் அட்டவணைபோலப் பத்தி பத்தியாக வரும். புதிய சர்வர்களில் அதே வேலைக்கு ஓ.ஜி.சி. ஏ.பி.ஐ. என்று இருக்கும், அது கணினி எளிதில் படிக்கும் ஜேசான் வடிவிலேயே கொடுத்துவிடும். எதைத் தொடுவதற்கும் முன் சர்வரிடம் 'கெட்கேப்பபிலிட்டீஸ்' கேளுங்கள். என்னென்ன அடுக்குகள், எந்த ஆள்கூற்று முறை, எந்தப் பதிப்பு என்று அதுவே சொல்லும். எண் கையில் வந்ததும் தரக்குறிப் பத்தியும், அதாவது ஒவ்வோர் எண்ணும் நம்பத்தக்கதா என்று சொல்லும் பத்தியும், கூட வந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்று இதைப் பலமுறை சொல்லப்போகிறேன்.

சாட்ஸ்வொர்த் மாணவர்: நான் ஏற்றிய நிலையங்கள் எல்லாம் அட்லாண்டிக் கடலில் விழுகின்றன. தரவே தப்பா?

தரவு சரிதான் தம்பி, வரிசைதான் புரண்டிருக்கிறது. டர்பன் அட்சம் தெற்கே 29.85, தீர்க்கம் கிழக்கே 31. இரண்டையும் மாற்றிப் போட்டால் அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே நடுக்கடலில் விழும். டபிள்யூ.எம்.எஸ். 1.1.1 தீர்க்கத்தை முதலில் கேட்கும், 1.3.0 பதிப்பில் 4326 என்ற குறியீட்டை (அட்ச தீர்க்க ஆள்கூற்று முறையின் எண்) கொடுத்தால் அட்சம் முதலில். டபிள்யூ.எஃப்.எஸ்.ஸிலும் 1.0.0க்கும் 1.1.0க்கும் இடையே இதே மாற்றம் நடந்தது. பதிப்பு எண்ணை எழுதாமல் கோரிக்கை அனுப்பாதீர்கள்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. நில அளவைக்காரர்கள் இந்தப் பக்கத்துக்குத் தருவது பெரும்பாலும் 'எல்.ஓ.31' ஆள்கூறு, அதாவது 31ஆம் தீர்க்கத்தை நடுவாக வைத்து மீட்டரில் அளப்பது. அதில் ஓர் அச்சு மேற்கு நோக்கியும் மற்றது பூமத்திய ரேகையிலிருந்து தெற்கு நோக்கியும் கூடும். டர்பனுக்கு அந்தத் தெற்கு எண் சுமார் 33 லட்சம் மீட்டர். அப்படி ஒரு எண்ணைக் கண்டால் பயப்படாதீர்கள், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் சரியான குறியீட்டைத் தேர்ந்தால் போதும். 1999 ஜனவரி 1க்கு முந்தைய வரைபடமாக இருந்தால் அது கேப் டேட்டம் என்ற பழைய அளவை அடிப்படையில் இருக்கும். இப்போதைய அடிப்படையான ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94க்கு மாற்றிவிட்டுத்தான் மேலே அடுக்க வேண்டும்.

ஃபீனிக்ஸ்: சரியாக 1000 பதிவுகள் மட்டும் வந்து நின்றுவிட்டது.

ஒரு கோரிக்கைக்கு இத்தனைதான் என்று சர்வர் வைத்த வரம்பு. அடுத்த 1000, அதற்கடுத்த 1000 என்று பக்கம் பக்கமாகக் கேளுங்கள். வட்டமான எண்ணில் தரவு முடிந்தால் எப்போதும் சந்தேகப்படுங்கள்.

டோங்காட்: 2022 ஏப்ரல் வெள்ளத்தின் ஆற்று அளவுகளை எடுத்துப் பார்த்தேன். வெள்ளம் உச்சத்தில் இருந்த நேரத்தில் பூஜ்ஜியம் போட்டிருக்கிறதே! மறைக்கிறார்களா?

400க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளம் அது. உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பூஜ்ஜியத்தை அரசுதான் போட்டதா என்று முதலில் பாருங்கள். நீர்த்துறை நிலைய எண்ணில் முதல் எழுத்தும் அடுத்த இலக்கமும் படுகையைச் சொல்லும்: யூ2 என்றால் உம்கேனி ஆறு. நடுவில் ஹெச் வந்தால் ஆற்று நிலையம், ஆர் வந்தால் அணை. ஆற்று நிலையம் நேரடியாக அளப்பது நீரின் உயரத்தை மட்டுமே. அந்த உயரத்தை ஓர் அட்டவணை வழியாகத்தான் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று மாற்றுகிறார்கள். வெள்ளம் அந்த அட்டவணையின் உச்சியைத் தாண்டினால் உயரம் இருக்கும், ஓட்டம் இருக்காது. கருவியையே ஆறு அடித்துக்கொண்டு போனால் இரண்டும் இருக்காது. அங்கே இருப்பது வெற்றிடம். பல மென்பொருள்கள் வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். தரக்குறிப் பத்தியைத் திறந்து பாருங்கள், காரணம் அங்கே இருக்கும்.

வென்ட்வொர்த்: கந்தக டை ஆக்சைடு தினமும் நள்ளிரவு 12 மணிக்கு 400க்கு எகிறுகிறது. ஆலைக்காரர்கள் இரவில் ரகசியமாகத் திறந்துவிடுகிறார்களா?

நேர முத்திரையின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது கிரீன்விச் நேரம், அதன் 12 மணி நம் கடிகாரத்தில் அதிகாலை 2 மணி. புகைபோக்கி நிமிடம் தவறாமல் தினமும் ஒரே அளவில் புகைக்காது. தினமும் ஒரே நேரம், ஒரே உயரம் என்றால் அது கருவியின் சோதனையாகத்தான் இருக்கும். தெரிந்த அளவு வாயுவை உள்ளே விட்டுக் கருவி சரியாகப் படிக்கிறதா என்று தானாகப் பார்க்கும் ஏற்பாடு அது. தரக்குறிப் பத்தி!

நகராட்சிப் பணியில் இருக்கும் ஒருவர்: இதனால்தான் சொல்கிறேன் ஐயா, சரிபார்க்காத தரவை வெளியே விடக்கூடாது. சில மாதம் கழித்துச் சுத்தப்படுத்தியதை மட்டும் கொடுத்தால் போதும்.

முழுமையாக மறுக்கிறேன். ஆஸ்துமா பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இன்றிரவுக் காற்றுத்தான் வேண்டும். சரிபார்க்காததையும் குறி போட்டுக் கொடுக்கலாமே! அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் நீர்ச் சேவை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பி அல்லது ஏ என்று எழுதுகிறது: தற்காலிகம், ஒப்புக்கொள்ளப்பட்டது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையும் உடனடித் தரவு, சரிபார்த்த தரவு என்று இரண்டு ஓடைகளாகவே கொடுக்கிறது. இரண்டு இடத்திலும் மக்கள் இரண்டையும் எடுக்கிறார்கள்.

அதே நண்பர்: மக்கள் குறியைப் படிக்க மாட்டார்கள். எண்ணை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் அனுப்புவார்கள்.

குறி இல்லாத எண் அவர்கள் கைக்கு எப்படி வந்தது? சோதனை நடக்கும் நிமிடங்கள் கருவிக்குத் தெரியும். நிலையத்தில் அளவுகளைப் பதியும் லாகர் பெட்டி அதைக் குறித்தே அனுப்ப முடியும். வழியில் ஒருவர் பக்கம் அழகாக இருக்கட்டும் என்று அந்தப் பத்தியை வெட்டுகிறார், பீதி அங்கே பிறக்கிறது. வெட்டியது அலுவலகம், பழி குடிமக்களுக்கா?

மெரிபேங்க் வாசகி மறுபடி: நெஞ்சு எரிகிற இரவில் எண் வேண்டும் அண்ணா. மூன்று மாதம் கழித்து எதற்கு?

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு கேடு செய்யாத சூழலை உரிமை என்கிறது. 32ஆம் பிரிவு அரசிடம் உள்ள தகவலைப் பெறுவதை உரிமை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இசிபிங்கோ பீச்: எக்செல்லில் திறக்க முடியுமா? சி.எஸ்.வி. வடிவம் கேளுங்கள், திறக்கும்.

வெருலம்: எக்செல்லில் வருமா? மேலே பாருங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: எக்செல்லில் திறந்தேன், கந்தக டை ஆக்சைடு 134 என்கிறது. எல்லை 350 தானே? தாராளமாகப் பாதுகாப்பு, இல்லையா?

இல்லை! அலகைப் பாருங்கள். நம் நாட்டு ஒரு மணி நேர எல்லை கன மீட்டருக்கு 350 மைக்ரோகிராம். பி.பி.பி. (நூறு கோடியில் இத்தனை பங்கு) அலகில் சொன்னால் அதுவே 134. நீங்கள் எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். அலகும் தரக்குறியும் இல்லாத எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஸ்டாங்கர்: எந்த ஆப் நல்லது? ஆப்கள் என் துறை இல்லை. வானிலைச் சேவை நடத்தும் சாக்கிஸ் என்ற காற்றுத் தரத் தளத்தில் தொடங்குங்கள்.

லெனேஷியா (ஜோகன்னஸ்பர்க் பக்கம்): துறையிடம் கேட்டேன், சேவை இல்லை, பி.டி.எஃப். அறிக்கைதான் உண்டு என்கிறார்கள்.

2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'அறிக்கை வேண்டும்' என்று எழுதினால் மறுபடி பி.டி.எஃப். வரும். நிலைய எண், தேதி வரம்பு, மணிக்கணக்கு அளவீடு, அலகு, தரக்குறி, கணினி படிக்கும் வடிவம் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்படி எழுதிய விண்ணப்பத்துக்குப் படத்தை அனுப்பிக் கையைக் கழுவ முடியாது.