குருவிக்குக்கூட வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 61. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் வெளியூரில். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொஞ்ச இடத்தில் தக்காளி, கத்திரி, நாலைந்து பூச்செடிகள் வைத்திருக்கிறேன். மீதி நேரம் குரோஷா. தங்கை மகள் புது வீட்டுக்குக் குடிபோனபோது, மூன்று மாதம் உட்கார்ந்து பின்னிய மேசை விரிப்பைக் கொடுத்தேன். மொத்தம் 80 சதுரங்கள். போன மாதம் அவள் வீட்டுக்குப் போனால், அது வாஷிங் மெஷின் மேல் கிடக்கிறது! இரண்டு பக்கமும் தரை வரை தொங்குகிறது. மேலே சோப்புத்தூள் டப்பா. ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அன்று இரவு தூக்கமே இல்லை. "கடையில் ஏதாவது வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த வருத்தமே இல்லையே" என்கிறார் வீட்டுக்காரர். போதாக்குறைக்கு, நானே பலகை அறுத்து, உள்ளும் புறமும் மஞ்சள் பெயின்ட் அடித்து, உட்கார ஒரு குச்சியும் செருகி, மரக்கிளையில் தொங்கவிட்ட குருவிப் பெட்டிக்கு ஆறு மாதமாக ஒரு குருவியும் வரவில்லை. தக்காளி சிவந்தால் மட்டும் எங்கிருந்தோ பறவைகள் வந்து கொத்திவிட்டுப் போகின்றன. என் கையால் செய்தது குருவிக்குக்கூட வேண்டாம் போலிருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள். அப்புறம் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தபோது சிரிப்பு வரவில்லை. 80 சதுரங்கள் என்பது எத்தனை மாலைப் பொழுது என்று குரோஷா ஊசி பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் குருவியை எடுத்துக்கொள்கிறேன். தங்கை மகளைவிட அது சுலபம்.

பெட்டியை நீங்கள் அழகாகச் செய்திருக்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் யார் கண்ணுக்கு அழகாக? சிட்டுக்குருவி இயல்பாகக் கூடு கட்டுவது சுவர் ஓட்டையில், ஓட்டுக்கு அடியில், கூரை இடுக்கில். அசையாத இடம் அதற்கு வேண்டும். கிளையில் தொங்கும் பெட்டி காற்றடித்தால் ஊஞ்சலாடும். அதில் எந்தத் தாய் முட்டை வைப்பாள்? கழற்றி, வீட்டுச் சுவரில் தாழ்வாரத்துக்கு அடியில், பத்தடி உயரத்தில் ஆடாமல் ஆணி அடித்து மாட்டுங்கள். உச்சி வெயில் நேராகப் படக்கூடாது. வாசல் துளை 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் மைனா முதலாக யார் யாரோ உள்ளே தலையை நீட்டிப் பார்ப்பார்கள். அந்தக் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையே இல்லை, முட்டையையோ குஞ்சையோ எடுக்க வருகிறவர்களுக்குத்தான் அது வசதியான படி. உள்ளே அடித்த பெயின்ட்டையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டிவிடுங்கள். பலகை சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு நகத்தால் பற்றிக்கொண்டு வாசல் வரை ஏறி வர முடியும். அடியில் சின்னதாக நாலு ஓட்டை போட்டால் ஈரம் தங்காது.

இன்னொன்று, சிட்டுக்குருவி தனிக்குடித்தனம் விரும்பாது. அக்கம்பக்கம் சொந்தபந்தம் இருந்தால்தான் அதற்குத் தைரியம். முடிந்தால் இரண்டு மூன்று பெட்டிகளாகச் சற்றுத் தள்ளித் தள்ளி மாட்டுங்கள். அப்படியும் முதல் வருடம் யாரும் எட்டிப் பார்க்காமல், அடுத்த வருடம் குடிவரலாம். ஆறு மாதம் ஒரு கணக்கே இல்லை.

பெட்டியைவிட முக்கியமானது ஒன்று உண்டு. குருவி தானியம் தின்னும் பறவைதான். ஆனால் குஞ்சுக்கு, அதுவும் முதல் நாட்களில், ஊட்டுவதெல்லாம் புழு பூச்சிதான். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு இரண்டு வாரம்போல் கூட்டில் இருக்கும். அத்தனை நாளும் தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தாக வேண்டும். கத்திரிச் செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற வழக்கம் உங்களுக்கு இருந்தால் (கடிதத்தில் சொல்லவில்லை, இருந்தும் கேட்கிறேன்) வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்த கதைதான். தண்ணீரும் வையுங்கள். அகலமான மண்தட்டில் இரண்டு விரற்கடை ஆழம், நடுவில் ஒரு கல். ஆழமான கிண்ணத்தில் சின்னப் பறவை இறங்காது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், இல்லையென்றால் நீங்கள் வளர்ப்பது கொசு.

சரி, இப்போது வாஷிங் மெஷினுக்கு வருவோம்.

பின்னத் தொடங்கும் முன் தங்கை மகளிடம் மேசையின் நீள அகலம் கேட்டீர்களா? அவள் வீட்டில் விரிப்பு போடுகிற மாதிரி மேசை இருக்கிறதா? இரண்டும் கடிதத்தில் இல்லை. மூன்று மாத உழைப்பைப் பற்றி நாலு வரி எழுதிய நீங்கள், அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. குத்திக் காட்டவில்லை, சகோதரி. நானும் இதே தவறைச் செய்தவள். தோழியின் பேரனுக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னினேன். காது மூடி, குஞ்சம் எல்லாம் வைத்து. கொண்டுபோய்ப் போட்டால் அது குழந்தையின் உச்சந்தலையில் டீ வடிகட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. குழந்தையின் தலை எத்தனை அங்குலம் என்று ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. குஞ்சம் எந்த நிறத்தில் வைக்கலாம் என்பதிலேயே மூழ்கிப் போயிருந்தேன்.

கையால் செய்யும்போது இப்படித்தான் ஆகிறது. 2012ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், காகித மடிப்பில் பழக்கமில்லாதவர்களைக் கொக்கும் தவளையும் மடிக்கச் சொன்னார்கள். பிறகு, அவரவர் மடித்ததற்கு அவரவரே என்ன விலை தரத் தயார் என்று கேட்டார்கள். மடித்தவர்கள் சொன்ன விலை, அதே கோணல்மாணல் கொக்குக்கு மற்றவர்கள் சொன்னதைவிடப் பல மடங்கு அதிகம். கைதேர்ந்தவர் மடித்ததற்குக் கிடைத்த மதிப்புக்குப் பக்கத்தில் தங்களுடையதையும் வைத்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மடித்த கைக்கு அது அப்படித்தான் தெரியும். உங்கள் கண்ணில் அந்த விரிப்பில் 80 மாலைகள் இருக்கின்றன. தங்கை மகள் கண்ணில் அது பெரியம்மா கொடுத்த அழகான பெரிய துணி. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிய முடியும், நீங்கள் சொல்லாதவரை.

அதோடு, கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவள் அதை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் போட்டிருந்தால் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது, நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். அவளோ வெளியே எடுத்து, வீட்டில் இடம் தேடி, தினமும் கை படுகிற ஒரு பொருள்மேல் போட்டிருக்கிறாள். என்னைக் கேட்டால் இது அவமரியாதை இல்லை. சோப்புத்தூள் டப்பாவுக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதற்கும் ஒரு வரி. கடையில் வாங்குவது தப்பே இல்லை. அதிகம் பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் நல்லது, கைவேலையைக் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடம். நமக்கு நெருக்கமான நாலைந்து பேருக்கு மட்டும் கையால் செய்யுங்கள். செய்யும் முன் நைசாக அளவு, நிறம், இடம் விசாரித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மூன்று மாதத் திட்டமாகவே செய்ய வேண்டும் என்றும் இல்லை. பின்கட்டில் தக்காளி வைத்திருக்கிறீர்களே, அதிலேயே ஒரு பரிசு இருக்கிறது. நன்றாகக் காய்க்கும் செடியில் ஒரு பழத்தைக் கனியவிட்டு, விதையைச் சதையோடு ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் மூடாமல் வையுங்கள். மேலே நுரை கட்டும், வாடையும் வரும், பயப்பட வேண்டாம். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு இப்படிப் புளித்துத்தான் கழன்று வரும். நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். கழுவி, பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் காயவையுங்கள். காகிதத்தில் காயப்போட்டால் ஒட்டிக்கொண்டு வராது. இதெல்லாம் நாட்டு விதைக்குத்தான். வீரிய ஒட்டுரகமாக (ஹைப்ரிட்) இருந்தால் விதை முளைக்கும், ஆனால் தாயைப் போலக் காய்க்கும் என்று சொல்ல முடியாது.

அந்த விதையைச் சின்னக் காகித உறையில் போட்டு, மேலே உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள்: என்று எடுத்தது, எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும், எத்தனை நாளில் முளைக்கும். ஈரம் படாமல் வைத்திருந்தால் நாலு வருடம்கூடத் தாங்கும். அன்பளிப்பாக வந்தவற்றில் நான் இன்னும் பத்திரமாக வைத்திருப்பது அப்படி ஒரு பழைய உறையைத்தான். விதை எப்போதோ தீர்ந்துவிட்டது. "ரொம்பத் தண்ணீர் ஊத்தாதே, உன் குணம் எனக்குத் தெரியும்" என்று அதில் எழுதியிருக்கிறது.

தக்காளியைக் கொத்தும் பறவைகளிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். காயின் அடியில் லேசாக நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், நாலைந்து நாளில் தானாகச் சிவந்துவிடும். ருசி பெரிதாகக் குறையாது, ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். வலையைத் தொளதொளவென்று போர்த்துவது கூடாது, கால் சிக்கிப் பறவை செத்துப்போகும். செடியிலேயே பழுக்க வேண்டும் என்றால், பழைய வாயில் புடவைத் துணியில் சுருக்குப்பை தைத்துக் குலைக்குக் குலை கட்டிவிடுங்கள். தையல் தெரிந்த உங்களுக்கு ஒரு மத்தியான வேலை. ஒரு செடியை மட்டும் கட்டாமல் விட்டுவிடுங்கள், அது அவர்கள் பங்கு.

எங்கள் வீட்டுத் தொட்டிச் செடியில் போன வருடம் ஒரு தையல்சிட்டு வந்தது. கட்டைவிரல் அளவுதான் உடம்பு. அகலமான ஓர் இலையின் இரு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, அலகால் வரிசையாகத் துளை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சு இழையையும் உள்ளே விட்டு வாங்கியது. அதற்கு முடிச்சுப் போடத் தெரியாது. நூலின் நுனியைத் துளைக்கு வெளியே பிசிறாகப் பரத்திவிடும், அது பொத்தான் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஓர் இடத்தில் இலை கிழிந்தது. பக்கத்தில் இன்னொரு துளை போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் கையில் காபியோடு நின்றவள், காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குஞ்சுகள் பறந்தன. கூட்டை அப்படியே விட்டுவிட்டுத் தாயும் போய்விட்டது. அந்த இலை பழுத்து விழுந்ததை எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஆறு தையல், மறுபக்கம் ஏழு.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். அந்த மூன்று மாதமும் மாலையில் ஊசியோடு உட்கார்ந்தபோது எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அது அலுப்பாக இருந்திருந்தால் தாராளமாக விட்டுவிடுங்கள். இல்லை, இருட்டியதுகூடத் தெரியாமல் பின்னிக்கொண்டிருந்தேன் என்றால், என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியே அது இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தங்கை மகளுக்கு போன் போட்டு, கோபம் எதுவும் இல்லாமல், அந்த மெஷினின் நீள அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். தரை வரை தொங்கினால் அழுக்காகும், கால் தடுக்கும். ஓரத்தில் இரண்டு வரிசைச் சதுரங்களைப் பிரித்து அளவாக்கிக் கொடுத்துவிடலாம். பிரித்து எடுத்த சதுரங்களில் சோப்புத்தூள் டப்பாவுக்கும் ஓர் உறை தேறும்.