சின்னத்தாத்தாவின் மெஷின்களும் ஒட்டிப்போன ஆல்பமும்

கேள்வி: என் சின்னத்தாத்தா கோவை பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். நிலக்கடலை உடைக்க, தேங்காய் மட்டை உரிக்க என்று சொந்தமாக மெஷின்கள் செய்து விற்றவர். அவர் போட்டோக்கள் கொஞ்சம் ஒட்டும் ஆல்பத்திலும், கொஞ்சம் சுவரில் பிரேம் போட்டும் இருக்கின்றன. இவற்றை வைத்து அவர் கதையைச் சிறு புத்தகமாக்க ஆசை. போட்டோக்களைப் பிரித்தெடுக்கலாமா? மொபைல் ஆப்பில் தெளிவாக்கலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: ஸ்கேனர் தேடுவதற்கு முன்னால், அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். போட்டோ இன்னும் சில வருஷம் தாங்கும். அந்த மெஷின் எப்படி ஓடியது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இப்போதே எண்பது வயதைத் தாண்டியிருக்கும்.

அவரைப் பார்க்கப் போகும்போது ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பட்டறைப் படங்களை மட்டும் மொபைலில் எடுத்து, ஏ4 அளவில் பிரிண்ட் போட்டு, ஒரு பேனாவோடு அவர் முன்னால் வையுங்கள். "இது யாரு?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு நின்றுவிடும். "பெல்ட் எந்தப் பக்கம் சுத்தும்? கடலையை எங்கே கொட்டுவீங்க? பருப்பு உடையாம இருக்க என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். சல்லடைக்கும் உருளைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதை விரலால் காட்டுவார். அந்தக் கையையும் சேர்த்து வீடியோ எடுங்கள். பிரிண்ட் மேலேயே அம்புக்குறி போட்டு எழுதச் சொல்லுங்கள், கெட்டுப்போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

இனி ஆல்பம். ஒட்டும் ஆல்பங்களின் பசையும் மேலே மூடும் பிளாஸ்டிக்கும் காலப்போக்கில் படத்தைக் கெடுக்கக்கூடியவை. அதனால் பிரித்தெடுப்பது நல்லதுதான், ஆனால் அவசரம் கூடாது. முதலில் பக்கம் பக்கமாக, இருக்கிறபடியே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் ஒரு தகவல். பிறகு, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்குக் கீழே விட்டு மெதுவாக அறுப்பதுபோல் இழுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். தண்ணீர், ஹேர் டிரையர், பிளேடு எதுவும் வேண்டாம்.

பிரேம் போட்ட படங்களில் சிக்கல் வேறு. சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து உள்ளே ஈரம் இறங்கியிருக்கும். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். கடைக்காரர் லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்பார். அசல் படத்துக்கு அது வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை உருகி ஏறியபின் திரும்ப எடுக்க முடியாது.

டிடிபி சென்டரில் ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் கூடவே உட்கார்ந்துகொள்ளுங்கள். 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற கணக்கு), டிஃப் ஃபைல் (தரம் குறையாமல் சேமிக்கும் வகை), தானாகத் திருத்தும் வசதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். நெகட்டிவ் இருந்தால் அது புதையல். அதற்கு 2400-க்குக் குறையாமல் கேளுங்கள். வினிகர் வாடை அடிக்கும் நெகட்டிவ்கள் சிதையத் தொடங்கிவிட்டவை. அவற்றைத் தனியாகப் பிரித்து முதலில் எடுத்துவிடுங்கள்.

படத்தின் பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது, ஏனென்றால் பின்கோடு வந்ததே அன்றுதான். விலைப்பலகையில் நயா பைசா தெரிந்தால் 1957 ஏப்ரலுக்குப் பிறகு. ஓரமாக நிற்கும் வண்டியில் 'டிஎன் 37' என்பதுபோல் எண் இருந்தால் 1989-க்கு முன்னால் போகவே முடியாது.

மொபைல் ஆப்பில் தெளிவாக்குவது பற்றிக் கேட்டீர்கள். முகத்துக்கே நான் தயங்குவேன், மெஷினுக்கு வேண்டவே வேண்டாம். அந்த ஆப் மங்கலாக இருப்பதைக் கண்டுபிடிப்பதில்லை, தானாக வரைந்து நிரப்புகிறது. பல்சக்கரத்தில் இல்லாத பல் முளைக்கும், பித்தளைத் தகட்டில் இருக்கும் பேட்டன்ட் எண் வேறு எண்ணாகிவிடும். உங்கள் தாத்தாவின் மூளை இருந்ததே அந்தச் சக்கரத்தில்தான். அதே காரணத்துக்காகத்தான் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கவும் வேண்டாம் என்கிறேன். ஓரத்தில் சாய்த்து வைத்த மர பேட்டர்னும் (வார்ப்புக்கான மர மாதிரி), மேலே ஓடும் ஷாஃப்டும் (பெல்ட்களைச் சுற்றவைக்கும் தண்டு), பின்னால் நிற்கும் பையனும்தான் கதை.

கோவையிலேயே பேர்பெற்ற கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடுவுக்கு (1893–1974) போட்டோ போதவில்லை என்ற கவலை இருந்திருக்காது. தானே கேமராவும் கையுமாக அலைந்தவர், 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தையே படம்பிடித்தவர். 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தபின் இந்த வட்டாரத்தில் முளைத்த மற்ற பட்டறைக்காரர்கள் பலருக்கு ஆயுதபூஜை குரூப் போட்டோ ஒன்று மிஞ்சினாலே பெரிது. ஆகவே போட்டோ இல்லாத இடத்தைப் பில் புத்தகம், கணக்கு நோட்டு, பேட்டர்ன் கட்டை, விற்ற மெஷினில் அடித்த தகடு இவற்றால் நிரப்புங்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். பழைய மெஷின் ஏதாவது தோட்டத்துச் சாளையில் துருப்பிடித்துக் கிடந்தால், எடைக்குப் போடுவதற்குள் போய்ப் பாருங்கள்.

எழுதும்போது ஒவ்வொரு படத்துக்கும் மூன்றைக் கலக்காமல் வையுங்கள்: படத்தில் தெரிவது, ஒருவர் சொன்னது (யார், எப்போது சொன்னார்), உங்கள் ஊகம். 'இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவரே' என்று குடும்பத்தில் சொல்வார்கள். ஆதாரம் கிடைக்கும்வரை அது இரண்டாவது வகைதான்.

அசல்களின் பின்னால் மெல்லிய பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எண் போடுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் ஏறாவிட்டால் உறைமேல் எழுதலாம். பிவிசி உறை கூடாது, பாலிப்ரொப்பிலீன் அல்லது அமிலமில்லாத காகித உறை போதும். பரண் வேண்டாம், வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிய பீரோவும் வேண்டாம். ஸ்கேன் ஃபைல்கள் ஒரு ஹார்ட் டிஸ்க்கில், இன்னொரு பிரதி ஆன்லைனில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம்.

ஸ்டூடியோவில் எடுத்த பழைய படங்கள் நிறைய இருந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கு எழுதிப் பாருங்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோ போட்டோக்களைத் தேடி டிஜிட்டலாக்கிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. சுவரில் மாட்ட நல்ல பிரிண்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், சந்தனமும் மாலையும் இனி அதற்கே போகட்டும்.