முட்டிவலியுள்ள அம்மாவுடன் கிரீட் கிராமப்புறத்தில் அரைநாள் பிக்னிக் போகலாமா?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் கிரீஸ் போகிறோம். கிரீட் தீவில் ஹானியா ஊரில் 3 இரவுகள் தங்குகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 68 வயது அம்மா. தனி வண்டியில் அரைநாள் கிராமப்புறச் சுற்றுலா, பிக்னிக் சாப்பாடும் சேர்த்து என்று நிறைய விளம்பரங்கள் கண்ணில் படுகின்றன. அம்மாவுக்கு முட்டிவலி. வளைவுப் பாதையில் தலைசுற்றும். சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டார். இது எங்களுக்குச் சரிப்படுமா? இல்லை, காரை வாடகைக்கு எடுத்து நாங்களே போய்விடலாமா?
- ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். சொல்லப்போனால், கிரீட்டில் உங்கள் அம்மாவுக்கு மிகவும் பிடிக்கப்போவது இந்த அரைநாளாகத்தான் இருக்கும். ஆனால் விளம்பரத்தில் இருப்பதை அப்படியே வாங்காதீர்கள். முன்பதிவு செய்வதற்கு முன் வழியையும் சாப்பாட்டையும் உட்காரும் இடத்தையும் நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். தனிச் சுற்றுலாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதே அதற்காகத்தான்.

முதலில் நேரக் கணக்கு. அரைநாள் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம். அதில் 5 இடங்கள் காட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். வண்டியில் ஏறி இறங்கியே அம்மாவின் முட்டி போய்விடும். 2 இடங்கள், ஒரு சாப்பாடு, அவ்வளவு போதும். மொத்த ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சாப்பாட்டுக்கு மட்டும் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நடுவில் 20 நிமிடம் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு ஓடுவதற்குப் பிக்னிக் என்று பேர் வைக்கக் கூடாது. ஆலிவ் மர நிழலில் உட்கார்ந்து, எங்கோ கேட்கிற ஆட்டு மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவதற்குத்தான் இவ்வளவு தூரம் போகிறோம்.

எந்தப் பக்கம் போவது? ஹானியாவிலிருந்து பலரும் சொல்லும் வழி தெற்கே தெரிஸோ. சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள மலை இடுக்கு வழியாகச் சாலை போகும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், ஓரத்தில் ஓடை, சாலையை மறித்துக்கொண்டு ஆடுகள். 1905இல் கிரீட்டை கிரீஸோடு சேர்க்க வேண்டும் என்று பின்னாளில் கிரீஸின் பிரதமரான வெனிசெலோஸ் கிளர்ச்சியைத் தொடங்கிய ஊர் இது. தெரிஸோவைத் தாண்டி ஸூர்வா, மெஸ்க்லா என்று இறங்கினால் ஆரஞ்சுத் தோப்புகள் வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழி. இருந்தாலும் உங்களுக்குச் சொல்லமாட்டேன். வளைவுக்கு மேல் வளைவு, ஸூர்வாவுக்குப் பிறகு சாலை குறுகி இறக்கமும் கூடும். தலைசுற்றும் அம்மாவை அங்கே அழைத்துப்போனால் பிக்னிக் கூடையைத் திறக்கவே மனம் வராது.

நீங்கள் மேற்கே போங்கள். பெரும்பாலும் கடலோர நெடுஞ்சாலை. சுமார் 30 கிலோமீட்டரில் ஆனோ வூவெஸ் என்ற சின்ன ஊர். கடைசிச் சில கிலோமீட்டர்தான் தோப்புகளுக்கு நடுவே வளைந்து ஏறும், அதுவும் மெல்லிய ஏற்றம். அந்த ஊரில் ஓர் ஆலிவ் மரம் நிற்கிறது. குறைந்தது 2000 வயது என்கிறார்கள், 3000க்கு மேல் இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. நடு மரம் பொந்தாகிவிட்டதால் வயதைச் சரியாக எண்ண முடியவில்லை. அடிமரத்தின் சுற்றளவு சுமார் 12.5 மீட்டர். அத்தனை வயதிலும் இன்னும் காய்க்கிறது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெற்றி பெற்றவர்களுக்குச் சூட்டிய மாலைகளுக்கு இந்த மரத்துக் கிளைகளும் போயின. முறுக்கிப் பிழிந்த துணிபோல இருக்கும் அந்த அடிமரத்தை உங்கள் மகள் சுற்றிச் சுற்றி வருவாள், பாருங்கள். பக்கத்திலேயே ஆலிவ் அருங்காட்சியகம் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கினால் மரம் வரை அதிகம் நடக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு அதுதான் முக்கியம்.

போகும் வழியிலேயே கோலிம்பாரி கடற்கரையில் கோனியா மடாலயம். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஓட்டோமான் (துருக்கிய) படை சுட்ட பீரங்கிக் குண்டு சுவரில் பதிந்து இன்னும் இருக்கிறது. மடாலயங்கள் மதியம் சில மணி நேரம் மூடியிருப்பது வழக்கம் என்பதால் முதலில் மடாலயம், அப்புறம் மரம், கடைசியில் சாப்பாடு என்று வரிசை வைக்கச் சொல்லுங்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். சேலை, சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை, உங்கள் அரைக்கால் சட்டையைத்தான் அறையிலேயே வைத்துவிட்டு வரவேண்டும்.

இனி சாப்பாடு. நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

கிரீட்டில் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பலரும் சார்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையின் விரத நாட்கள் ஆண்டில் அவ்வளவு அதிகம். விரதத்தில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கூடாது. அந்த உணவுக்கு நிஸ்தீசிமோ என்று பெயர். இணையத்தில் பலரும் 'நிஸ்தீசிமோ என்று கேளுங்கள், சைவம் கிடைக்கும்' என்று எழுதிவிடுகிறார்கள். பாதிதான் உண்மை. விரதத்தில் மீன் விலக்கு, ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் அனுமதி. மீன் முட்டையில் செய்யும் தாரமோசலாத்தாவும் விரத மேசைக்கு வரும். பல வருடங்களுக்கு முன் நான் ஏற்பாடு செய்த ஒரு பிக்னிக்கில் இந்த ஒரே சொல்லை நம்பி அனுப்பிவிட்டேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியின் முன்னால் கணவாய் வளையங்களைப் பரப்பி வைத்தார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ரொட்டியை மட்டும் பிய்த்துச் சாப்பிட்டார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஒற்றைச் சொல்லில் சொல்வதை விட்டுவிட்டேன். எது கூடாது என்பதை ஒவ்வொன்றாக எழுதிவிடுகிறேன்.

நீங்களும் அப்படியே எழுதுங்கள்: 'ஒருவர் இறைச்சி, மீன், கணவாய், சிப்பி, மீன் முட்டை, கோழி முட்டை எதுவும் சாப்பிடமாட்டார். பால், தயிர், தேன் சாப்பிடுவார். மாவுப் பண்டங்களின் மேல் முட்டை தடவியிருந்தாலும் வேண்டாம்.' கடைசி வரி தேவையா என்று நினைக்காதீர்கள். கலித்சூனியா என்ற, உள்ளே பூரணம் வைத்த குட்டி மாவுப் பண்டங்கள், பூசணி வகையைச் சேர்ந்த சுக்கினியோடு உருளைக்கிழங்கும் மிஸித்ரா என்ற பாலாடைக் கட்டியும் புதினாவும் வைத்துச் சுடும் ஹானியாவின் பூரெக்கி, இரண்டையும் அம்மா விரும்பிச் சாப்பிடுவார். ஆனால் மேலே பளபளப்புக்காக முட்டை தடவுவது சாதாரண வழக்கம், உள்ளே கலக்கும் வீடுகளும் உண்டு. முன்பே சொன்னால் தடவாமல் சுடுவார்கள். இன்னொன்று, க்ராவியேரா போன்ற கெட்டிப் பாலாடைக் கட்டிகளில் பாலை உறைய வைக்கக் கன்று, ஆட்டுக்குட்டி போன்றவற்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைச் சேர்ப்பது பழைய முறை. அம்மா இதையெல்லாம் பார்ப்பவர் என்றால் பாலாடைக் கட்டியை விட்டுத் தயிரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தயங்காமல் கேட்டு வாங்க வேண்டியவை: தாகோஸ், அதாவது பார்லி ரஸ்க்கின் மேல் துருவிய தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் காய்ந்த ஓரிகானோவும், வேண்டுமானால் மிஸித்ராவும். ரஸ்க் கல்லுபோல இருக்கும், தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் ஊறவிட்டுத் தரச் சொல்லுங்கள், பல்லுக்கு நல்லது. மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா நம் வீட்டுப் பருப்புக் கடைசலுக்கு ஒன்றுவிட்ட தங்கை, அம்மாவுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். வேகவைத்த காட்டுக் கீரையில் எலுமிச்சை பிழிந்தது, பெரிய வெள்ளைப் பீன்ஸ், அரிசி வைத்துச் சுருட்டிய திராட்சை இலை (கொத்துக்கறி வைத்ததும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்). கடைசியில் தயிரும் தைம் பூத் தேனும், பக்கத்துத் தோப்பு ஆரஞ்சும். ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாய் எடுத்துப்போங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

எப்படி உட்காருவது என்பதையும் எழுதிக் கேளுங்கள். படங்களில் புல்மேல் துணி விரித்து அழகாக இருக்கும். முட்டிவலிக்காரருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது தண்டனை. மேசையும் சாய்மானமுள்ள நாற்காலியும் வேண்டும் என்று சொன்னால் பலர் கொண்டுவருவார்கள். முடியாது என்பவரை விட்டு வேறு ஆளைப் பாருங்கள். அடுத்தது கழிப்பறை. தோப்பில் இருக்காது. சாப்பிடும் இடத்திலிருந்து 5 நிமிட ஓட்டத்தில் கஃபெனியோ, அதாவது ஊர்க் காப்பிக்கடை இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே ஒரு காப்பி வாங்கிவிட்டு உள்ளே போவது மரியாதை. காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும், குழாய்கள் குறுகலானவை.

பணம் பேசும்போது விலை ஆளுக்கா வண்டிக்கா என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தனிச் சுற்றுலாவில் வண்டிக்கு என்பதுதான் உங்களைப்போல 4 பேருக்கு லாபம். வருகிறவர் ஓட்டுநர் மட்டுமா, உரிமம் பெற்ற வழிகாட்டியா என்றும் கேளுங்கள். கிரீஸில் தொல்லியல் இடங்களுக்குள் நின்று விளக்கம் சொல்ல உரிமம் உள்ள வழிகாட்டிக்குத்தான் அனுமதி. நீங்கள் போகும் வழிக்கு அது தேவையில்லை, ஊர்க் கதை தெரிந்த நல்ல ஓட்டுநரே போதும். வழிகாட்டிக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். பதிவான சுற்றுலா நிறுவனத்துக்கு மிதே என்கிற அரசுப் பதிவு எண் இருக்கும். கேட்டால் சொல்ல வேண்டும், தயங்கினால் விலகிவிடுங்கள். மகளுக்கு வயதுக்கேற்ற இருக்கை வேண்டும் என்பதை உயரத்தோடு எழுதி அனுப்புங்கள்.

நீங்களே ஓட்டலாமா என்று கேட்டீர்கள். சட்டப்படி முடியும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதை ஊரிலேயே போக்குவரத்து அலுவலகத்தில் எடுத்துவிட வேண்டும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். நீங்கள் தங்குவது 3 நாள். அதில் ஒரு நாளை வலப்பக்கம் பழகுவதிலேயே செலவழித்தால், தோப்பும் கடலும் மற்ற மூவருக்கு, சாலை மட்டும் உங்களுக்கு. இந்த ஒரு அரைநாளுக்கு ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. செலவு அதிகமாகத் தெரிந்தால் வேறொன்றும் செய்யலாம். சனிக்கிழமை காலை ஹானியாவில் மினோஸ் தெருச் சந்தையில் தக்காளி, ஆலிவ், ரொட்டி, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, டாக்ஸிக்காரரிடம் போக வர, காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி வூவெஸ் போய் வாருங்கள். சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்ற கவலையும் இருக்காது.

தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஆண்டுதோறும் நகரும். 2026இல் ஏப்ரல் 12, 2027இல் மே 2. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் உங்களுக்குத் தோதானது, விரதச் சமையல் எங்கும் கிடைக்கும். ஈஸ்டர் ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்று பல இடங்களில் வெளியிலேயே ஆட்டிறைச்சியைச் சுடுவார்கள். அவர்களுக்கு அது ஆண்டின் பெரிய விருந்து, அம்மாவுக்குப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஓட்டுநர்களும் அன்று வீட்டோடு இருக்கத்தான் விரும்புவார்கள். ஏப்ரல் கடைசியில் வெயில் இதம், தெற்கே வெள்ளை மலைகளின் உச்சியில் பெரும்பாலும் பனி தெரியும், வழியெங்கும் பாப்பிப் பூ. சில நாள் ஆப்பிரிக்காவிலிருந்து தூசிக் காற்று வந்து வானம் மஞ்சளாகிவிடும். அதனால் 3 நாளில் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், தேவைப்பட்டால் தள்ளிவைக்க இடம் இருக்கும். பயணம் கோடைக்குத் தள்ளிப்போனால் ஒன்று நினைவிருக்கட்டும்: மே 1 முதல் அக்டோபர் 31 வரை வெளியில் தீ மூட்டத் தடை. காட்டுத்தீ அபாயம் அதிகமான நாட்களில் காட்டுப் பகுதிக்குள் போகவே விடமாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், அம்மாவிடம் கட்டாயம் சொல்லிவையுங்கள். கிராமத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் ட்ஸிகூதியா கொண்டுவந்து வைப்பார்கள். திராட்சைச் சக்கையில் காய்ச்சும் மது, விருந்தோம்பலின் அடையாளம். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் நாம் இலையின் முன் 'போதும், போதும்' என்று ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் காட்டுவோமே, அதைச் செய்யக் கூடாது. கிரீஸில் அது கெட்ட வசவு. கையை நெஞ்சில் வைத்து, சிரித்து, 'எஃப்ஹாரிஸ்தோ' என்றால் போதும். நன்றி என்று அர்த்தம். உடனே உள்ளே போய் மலைத் தேயிலை போட்டுக்கொண்டு வருவார்கள். மலோதீரா என்று பெயர், தேன் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.