வெளிநாட்டு வீடியோ கேம், வீட்டு டிவி: கேள்வி பதில்

ராயபுரம்: அண்ணா, கப்பலில் வேலை செய்யும் மாமா ஜப்பானிலிருந்து சூப்பர் ஃபேமிகாம் என்ற நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் மெஷினைக் கொண்டுவந்திருக்கிறார். அடாப்டரை அப்படியே பிளக்கில் சொருகலாமா?

வேண்டாம் தம்பி! ஜப்பானில் வீட்டுக்கு வருவது 100 வோல்ட், நமக்கு 230. அடாப்டர் புகைந்துவிடும், மெஷினும் கூடவே போகலாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். ஆனால் ஜப்பான் அடாப்டரை எடுத்து வைத்துவிட்டு, இங்கே கிடைக்கும் 9 வோல்ட் டிசி அடாப்டர் வாங்குவதுதான் சுலபம். ஒரிஜினல் தருவது 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். மெஷினுக்குள் அதை 5 வோல்ட்டாக இறக்கும் ரெகுலேட்டர் இருக்கிறது, அதனால் 9 போதும். ஆம்பியர் 1-க்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை.

அடாப்டர் ஒயர் நுனியில், மெஷினில் சொருகும் பின்னைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இதற்கு நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் நேரெதிர். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும்போதே மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரம்பூர்: என்இஎஸ் என்ற நின்டெண்டோ மெஷினின் அமெரிக்க அடாப்டர் ஒன்று இருக்கிறது. பின் சரியாக உட்காருகிறது. சூப்பர் ஃபேமிகாமுக்குப் போடலாமா?

கூடவே கூடாது. அது தருவது 9 வோல்ட் ஏசி. என்இஎஸ் அதை உள்ளே டிசியாக மாற்றிக்கொள்ளும். சூப்பர் ஃபேமிகாம் அப்படி இல்லை.

வியாசர்பாடி: புது ஸ்மார்ட் டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை துளையே இல்லையே?

பின்பக்கம் ஹெட்போன் துளை மாதிரி ஒன்றில் ஏவி இன் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதற்குத் தனி ஒயர் உண்டு. எல்லா ஒயரிலும் கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் இணைப்பு, ஒரே இடத்தில் இருக்காது, அதனால் உங்கள் டிவி மாடலுக்கு உரியதையே கேட்டு வாங்குங்கள். சில டிவிகளில் பச்சைத் துளையிலேயே மஞ்சளைச் சொருக வேண்டும்.

தண்டையார்பேட்டை: மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை டிவியின் எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றும் சின்ன ஏவி டு எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் போட்டேன். படம் வருகிறது. ஆனால் பட்டனை அழுத்திய பிறகுதான் தாமதமாகக் குதிக்கிறான்.

முதலில் டிவியில் கேம் மோடு போடுங்கள், காசே ஆகாது. அதிலும் தீரவில்லை என்றால் காரணம் கன்வெர்ட்டர். இந்த மெஷின்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் 240 கோடுகளில் ஒரு முழுப் படம் அனுப்புகின்றன. மலிவான பெட்டி அதை 480 கோட்டுப் படத்தின் பாதி என்று எடுத்துக்கொண்டு, அடுத்ததோடு சேர்த்துக் கலக்கிவிடுகிறது. அதனால்தான் தாமதம். அடிபட்ட பிறகு ஹீரோ மின்ன வேண்டிய இடத்தில் மின்னாமல் போவதும், ஓடும் காட்சியில் ஓரங்கள் சீப்புப் பல்லாகத் தெரிவதும் இதனால்தான். ரெட்ரோடிங்க் 2எக்ஸ் மாதிரியான பெட்டி கோட்டை வந்த கையோடு இரட்டிப்பாக்கி அனுப்பிவிடும், முழுப் படத்துக்காகக் காத்திருக்காது. விலை அதிகம்தான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஆடுபவருக்குக்கூட அந்த வித்தியாசம் கையில் தெரியும். படத்தை இழுத்து அகலமாக்காமல் பழைய டிவியின் 4:3 அளவிலேயே வைத்து ஆடுங்கள்.

திருவொற்றியூர்: சூப்பர் ஃபேமிகாமுக்கு முந்தைய 1983 ஃபேமிகாம். ஆன்டெனா ஒயர் மட்டும்தான் இருக்கிறது. படம் வந்தாலும் சத்தம் இல்லை.

அது ஜப்பானின் 1 அல்லது 2-ஆம் சேனலில், 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அனுப்புகிறது. டிவியில் மேனுவல் டியூனிங் செய்தால் படம் பிடிக்கலாம். சத்தம் அங்கே படத்திலிருந்து 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், நம் டிவி தேடுவது 5.5-இல். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் ஆன்டெனா ஒயர் இல்லாமல் படமும் சத்தமும் நேராக டிவிக்குப் போகும் ஏவி அவுட் வைக்கச் சொல்லுங்கள், கேஸில் பெரிய ஓட்டை போடவிடாதீர்கள். 1993-இல் வந்த ஏவி ஃபேமிகாமில் இந்தத் தொல்லை இல்லை.

காசிமேடு: கேசட்டை ஊதி ஊதித்தான் ஓட்டுகிறேன்.

ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டுத் தகடு அரிக்கும், கடல் காற்று வேறு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சை நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

வண்ணாரப்பேட்டை: துப்பாக்கி கேம் எல்இடி டிவியில் வேலை செய்யுமா?

அந்தக் காலத்துத் துப்பாக்கி செய்யாது. அதற்கு டியூப் டிவிதான் வேண்டும். தாத்தா வீட்டில் இருந்தால் காயலான் கடைக்குப் போடவிடாதீர்கள். ஜப்பானின் கலர் முறையான என்டிஎஸ்சி எடுக்கும் டிவியா என்று மட்டும் பாருங்கள். நம் ஊர் முறையான பால் (PAL) மட்டும் எடுக்கும் பழைய செட்டில் ஜப்பான் மெஷின் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும், சில நேரம் படம் உருளும்.