மறு: பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியும் அடுத்த கட்டுரையில் அதே பிழை

மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தித் தரும்போது மதிப்பெண்ணை உடனே காட்டாதீர்கள். முதலில் குறிப்புகளோடு கட்டுரையை மட்டும் திருப்பிக் கொடுங்கள். "அடுத்ததில் எதை மாற்றுவேன்" என்று அவர்கள் மூன்று வரி எழுதித் தந்த பிறகு மதிப்பெண்.

மாணவர்கள் குறிப்பைப் படித்தும் மாறவில்லை என்கிறீர்களே, பெரும்பாலும் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாததுதான் காரணம். "வாதம் தெளிவில்லை" என்றால் எங்கே கை வைப்பது? "இரண்டாம் பத்தியில் சான்று இருக்கிறது, அது எதை நிறுவுகிறது என்ற வரி இல்லை, சேருங்கள்" என்று எழுதிப் பாருங்கள். கட்டுரைக்கு இப்படி இரண்டு மூன்று போதும். எழுத்துப்பிழையை ஒரே ஒரு பத்தியில் திருத்திக் காட்டினால் சரி, மீதி அவர்கள் வேலை.

சோதிக்க: உங்கள் குறிப்பு ஒன்றை வைத்து ஒரு பத்தியை வகுப்பிலேயே 10 நிமிடத்தில் திருத்தச் சொல்லுங்கள். பலரும் முழித்தால் கோளாறு குறிப்பில்தான்.

மதிப்பெண்ணை ஓரிரு நாளுக்கு மேல் இழுத்தடிக்க வேண்டாம், புலம்பல்தான் மிஞ்சும். அடுத்து எழுத எதுவுமில்லாத கடைசிக் கட்டுரைக்கு இந்த முறை உதவாது.