வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு 'நடப்பவர்' என்றா பொருள்?

இல்லை. அது துணி மிதித்தவர்களின் பெயர். 1908-இல் வரைந்த ஜானி வாக்கர் விஸ்கியின் சின்னப் படத்தில் ஒருவர் கம்பும் தொப்பியுமாக வீசி நடப்பதால் பலருக்கும் அந்த எண்ணம் பதிந்துவிட்டது.

எதற்காகத் துணியை மிதிக்க வேண்டும்? கொடைக்கானலில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை நான் தெரியாமல் வெந்நீரில் போட்டுத் துவைத்துவிட்டேன். குழந்தை அளவுக்குச் சுருங்கி, தொட்டால் மெத்தென்று, பின்னல் கண்ணே தெரியாதபடி தடித்துப்போயிருந்தது. ஆட்டு ரோமத்தில் செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அழுத்தமும் சேர்ந்தால் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். நமக்கு அது நஷ்டம். இடைக்கால இங்கிலாந்தில் அதைத்தான் கூலி கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி நெகிழ்வாக, பிசுக்கோடு இருக்கும். மிதித்து இறுக்கினால்தான் குளிரும் மழையும் தாங்கும்.

அந்த வேலை சுலபமானதல்ல. துணியைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மனித மூத்திரத்தை ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்காக மிதிக்க வேண்டும். அதிலுள்ள அமோனியா கம்பளியின் பிசுக்கை எடுக்கும். மிச்ச எண்ணெயை உறிஞ்ச ஒரு வகைக் களிமண்ணும் போட்டார்கள். நாட்டு மருந்துக் கடையில் முகத்துக்குப் பூச நாம் வாங்கும் முல்தானி மெட்டி அந்த வகைதான். ஆங்கிலத்தில் அதன் பெயரே 'ஃபுல்லர்ஸ் எர்த்'. அந்த ஃபுல்லரும் நம் வாக்கரும் ஒரே தொழில்காரர்கள்!

பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றால் உருட்டுவது, புரட்டுவது. துணியைப் புரட்டி மிதித்தவர் அதிலிருந்து வாக்கர் ஆனார். 'வாக்' என்றால் நடப்பது என்ற பொருள் 13-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வழக்குக்கு வந்தது. ஆக இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவைதான், ஆனால் பெயர் நடையிலிருந்து வரவில்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒரே வேலைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர் இருந்ததுதான். யார்க்‌ஷயர் போன்ற வட பகுதிகளில் வாக்கர். கென்ட், சசெக்ஸ் பக்கம் ஃபுல்லர். இது லத்தீன் 'ஃபுல்லோ'விலிருந்து வந்தது. டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். இதன் மூலச்சொல்லுக்கு வதைப்பது என்று பொருள். துணி பட்ட பாட்டைப் பார்த்தால் பொருத்தம்தான். எக்ஸெட்டர் நகரில் நெசவாளர்களும் இவர்களும் 1471-இல் எழுப்பிய சங்கக் கட்டடம் 'டக்கர்ஸ் ஹால்' என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அதனால் ஒருவருடைய குடும்பப் பெயர் டக்கர் என்றால், முன்னோர் செய்த தொழிலோடு அவர்கள் எந்தத் திசைக்காரர்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

காலால் மிதிப்பதும் மெல்ல மெல்லக் குறைந்தது. தண்ணீர்ச் சக்கரத்தால் மரச் சம்மட்டிகள் தூக்கி அடிக்கும் ஆலைகள் 1185-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பதிவாகியிருக்கின்றன. ஆலையை நடத்தியவரையும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். முதலில் அது அந்த ஆளை மட்டும் குறித்தது. தச்சரின் மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர்தான். 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் தகப்பன் பெயர் பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. அப்புறம் துணியையே தொடாதவர்களும் வாக்கர் ஆனார்கள்.

இன்னொன்று. துணி மிதிப்பவர் ஒவ்வொரு ஊரிலும் இருந்ததால் எல்லா வாக்கர்களும் ஒரே வம்சம் அல்ல. 'வாக்கர் குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்து விற்பதைத் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் வழங்கப்படும், குடும்பப் பெயருக்கு அல்ல.